உடலளவும் கதிரளவும்

ஈயச் சுரங்கங்களாலும் ரப்பர்த் தோட்டங்களாலும் வளர்ந்த ஈப்போ வட்டாரத்தில் கதிர்வீச்சு என்பது வெறும் ஏட்டுச் சொல்லன்று. 1982இல் புக்கிட் மேராவில் இயங்கத் தொடங்கிய ஏஷியன் ரேர் எர்த் ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து மக்கள் ஈப்போ உயர் நீதிமன்றம் ஏறினர். 1992இல் வென்றனர், மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது, 1994இல் ஆலையே மூடப்பட்டது. கண்ணுக்குப் புலனாகாத கதிரை அஞ்சக் கற்றவர்கள் நாம். ஆயினும், நோயறிய நாமே விரும்பி ஏற்கும் கதிரின் அளவைப் பற்றிக் கேட்டோமா?

நான் பிறந்த தோட்டத்து ஆசுபத்திரியில் டிரசர் ஒருவர் இருந்தார். மாத்திரை தருமுன் பிள்ளையை ஏற இறங்கப் பார்ப்பார். பெரியவருக்கு இரண்டென்றால் எனக்குப் பாதிதான். அந்த எளிய வழக்கம் சி.டி. ஸ்கேனுக்கு வந்துசேர நெடுங்காலம் பிடித்தது.

1971 அக்டோபர் முதல் நாள், ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த கருவி இலண்டனில் ஒரு நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது. 1979இல் அவரும் கார்மக்கும் நோபல் பரிசு பெற்றனர். தொடக்கத்தில் தலை மட்டுமே எடுக்கப்பட்டது. வளர்ந்தோர் தலையளவு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுவதில்லை. மார்பும் வயிறும் எடுக்கத் தொடங்கியபின்தான் சிக்கல். உடலுக்குள் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டருக்கு ஒருமுறை கதிர் பாதியாகிறது. ஆகவே மெலிந்த உடலுக்குக் குறைந்த மின்னோட்டமே போதும். பருத்த உடலுக்கு மிகுதி வேண்டும், இல்லையேல் படம் மணல் தூவியதுபோல் மங்கி நோயை மறைத்துவிடும்.

பழைய எக்ஸ்ரேயில் கதிர் மிகுந்தால் பிலிம் கறுத்துப் பிழையைக் காட்டிக்கொடுக்கும். சி.டி.யிலோ கதிர் மிக மிகப் படம் தெளிவாகிறது! பிழை பாராட்டுப் பெறும் விந்தையை இங்கேதான் காண்கிறோம். பெரியவர்க்குரிய அளவிலேயே குழந்தைகளையும் படமெடுத்து வந்தது 2001இல் அமெரிக்க ஆய்வேடுகளில் வெளியாயிற்று. 2008இல் 'இமேஜ் ஜென்ட்லி' இயக்கம் எழுந்தது. 2011இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம், உடலின் குறுக்களவைக் கொண்டு கதிரளவைக் கணிக்கும் முறையை வகுத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை ஸ்கேனுக்கு அழைத்துச் சென்றேன். பால்மரம் சீவித் தேய்ந்த உடல். நாற்பது கிலோகூட இல்லை. "கதிரைக் குறைப்பீர்களா அம்மா?" என்றேன். முன்னோட்டப் படத்தில் உடலின் தடிப்பை அளந்து கருவியே மின்னோட்டத்தைக் குறைக்கும் என்றார் அந்த இளம் பெண். ஆனால் உடல் வளையத்தின் நடுவே அமையாவிட்டால் கணக்குத் தவறும் என்றும் சொன்னார். பிறகு, தாயாரின் கூன்முதுகுக்கு ஏற்பத் தலையணையை மாற்றி வைத்து, மேசையை இரண்டு விரற்கடை உயர்த்தினார்.