கேள்வி கேட்ட மாணவர்: காந்திகிராமத்து ஜி. ராமச்சந்திரன்

1924ஆம் ஆண்டின் பிற்பகுதி. இந்து-முஸ்லிம் ஒற்றுமைக்காக டெல்லியில் மேற்கொண்ட 21 நாள் உண்ணாவிரதத்தை முடித்துவிட்டுக் காந்தி மெல்லத் தேறிக்கொண்டிருந்தார். சி.எஃப். ஆண்ட்ரூஸ் தம்முடைய சாந்திநிகேதன் மாணவர் ஒருவரை அவரிடம் அழைத்து வந்தார். நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த ஜி. ராமச்சந்திரன், வயது 20. வந்தவர் ஆசி வாங்கிக்கொண்டு திரும்பவில்லை. கலையை நீங்கள் ஏற்கிறீர்களா, அழகுக்கும் உண்மைக்கும் என்ன உறவு, இயந்திரங்கள் அனைத்தையும் எதிர்க்கிறீர்களா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். நம் உடலே ஓர் இயந்திரந்தானே என்று தொடங்கிய காந்தி, சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தது இந்த உரையாடலில்தான். இளைஞர் விடவில்லை. தையல் இயந்திரத்தைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே என்றார். அத்தகைய ஆலைகள் அரசுடைமையாக இருக்கட்டும் என்று காந்தி சொல்ல வேண்டியதாயிற்று. மகாதேவ தேசாயின் பதிவாக 1924 நவம்பரில் 'யங் இந்தியா'வில் இது வெளிவந்தது. காந்தியின் பொருளியல் குறித்து எழுதுவோர் அந்தப் பதிலை விடாமல் எடுத்தாள்கிறார்கள். கேட்டவரின் பெயர் அடிக்குறிப்போடு நின்றுவிடுகிறது.

அந்த மாணவர்தான் பிற்காலத்தில் திண்டுக்கல் சமவெளியில் அகிம்சையைப் பாடமாக்கினார். ஆசானையே குறுக்கு விசாரணை செய்தவர் ஆசிரியரானால் எப்படிக் கற்பிப்பார் என்பதற்குக் காந்திகிராமம் ஒரு சான்று.

அதன் கதையைச் சௌந்திரத்தை விட்டுவிட்டுச் சொல்ல இயலாது. டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். இளமையிலேயே கணவரை இழந்து, டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் பயின்றவர். இருவரும் மணக்க விரும்பியபோது, ஓராண்டுக் காலம் சந்திக்காமலும் கடிதம் எழுதாமலும் இருந்து பாருங்கள் என்றார் காந்தி. இருந்தார்கள். 1940 நவம்பரில் திருமணம் நடந்தது. விதவை மறுமணம், சாதி கடந்த மணம், மொழி கடந்த மணம் மூன்றும் ஒன்றாக நிகழ்ந்த அந்த இல்லறமே, பின்னர் எழுந்த நிறுவனத்தின் முதல் பாடம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

விடுதலை கிடைத்து இரண்டு மாதம் ஆவதற்குள், 1947 அக்டோபர் 7 அன்று, சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமம் தொடங்கியது. கிழக்கே சிறுமலை, சுற்றிலும் மழையை நம்பிய செம்மண் காடுகள், நெசவாளர் தெருக்கள். ஆதாரக் கல்வி, மருத்துவம், கதர், கைத்தொழில் என்று பணிகள் விரிந்தன. 1956இல் ஊரக உயர்கல்விக்கான நிறுவனம் உருவாயிற்று. மறு ஆண்டே, தெற்கே முதுகுளத்தூர் வட்டாரத்தில் சாதிக் கலவரம் மூண்டது. அமைதி என்பது வல்லரசுகளின் மாநாட்டு மேசைக்கு உரிய பொருள் மட்டுமன்று, கிணற்றடியிலும் தேநீர்க்கடையிலும் தீர வேண்டிய வழக்கு என்பதற்கு இதைவிட அண்மையான சாட்சி தேவையில்லை.

ஆகவே இங்கே அகிம்சை வகுப்பறைக்குள் அடங்கவில்லை. மாணவர்கள் கிராமங்களில் தங்கிப் பணியாற்றுவது படிப்பின் பகுதியாயிற்று. அத்துடன் சாந்தி சேனை. காந்தி கனவு கண்ட, வினோபா 1957இல் தொடங்கிய ஆயுதமற்ற படையின் கருத்தை ராமச்சந்திரன் மாணவர்களிடம் கொண்டுவந்தார். அணிவகுப்பு, முதலுதவி, துப்புரவு, கூட்டத்தை ஒழுங்குபடுத்தல்: பார்ப்பவருக்கு இவை சாரணர் வேலையாகத் தோன்றலாம். ஆனால் போர்வீரனுக்கு எவ்வளவு பயிற்சி வேண்டுமோ அவ்வளவு பயிற்சி அமைதி வீரனுக்கும் வேண்டும் என்பதே இதன் அடிப்படை. நல்லெண்ணம் மட்டும் கொண்டவன் கலவரத் தெருவில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

அவருடைய தொடர்புகள் சின்னாளபட்டியோடு நின்றவை அல்ல. காந்தி நினைவு நிதியின் செயலாளராக, 1958 டிசம்பரில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு அழைப்பு எழுதியவர் அவரே. 1959 பிப்ரவரியில் கிங் இந்தியா வந்தார். மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவியும் ராமச்சந்திரனுக்குக் கிடைத்தது. சௌந்திரமோ 1962இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குச் சென்று மத்தியக் கல்வித் துணை அமைச்சரானார்.

1976இல் காந்திகிராமம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. ராமச்சந்திரன் முதல் துணைவேந்தர். இது வெற்றியா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. மானியம் வந்தது, பட்டத்துக்கு மதிப்பு வந்தது. கூடவே வருகைப் பதிவேடும் மதிப்பெண்ணும் வந்தன. அகிம்சையில் நூற்றுக்கு அறுபது வாங்குவது என்றால் என்ன? அதே வேளை, நிறுவனரோடு மறைந்துபோன ஆசிரமங்கள் நாட்டில் ஏராளம். பட்டியலில் ஒரு தாளாகவேனும் இருப்பதால்தான் அமைதி இங்கே ஆண்டுதோறும் புதியவர்களைச் சந்திக்கிறது.

பிற்காலத்தில் இதே துணைவேந்தர் நாற்காலியில் எம். ஆராம் அமர்ந்தார். கோவைப் பகுதிக் கல்வியாளர். நாகாலாந்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண், மைக்கேல் ஸ்காட், பி.பி. சாலிஹா ஆகியோரின் அமைதிக் குழு முயற்சியால் 1964 செப்டம்பர் 6இல் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. அதைக் காக்க அங்கே சென்று ஆண்டுக்கணக்கில் தங்கியவர் ஆராம். தலைமறைவு இயக்கத்தாரோடும் அரசோடும் பேசிப் பேசியே கழிந்த காலம் அது. 1972இல் போர்நிறுத்தம் முறிந்தது. அந்த எட்டு ஆண்டுகளை அவர் எழுதிய நூல் 1974இல் வந்தது. மறு ஆண்டு ஷில்லாங் உடன்படிக்கை கையெழுத்தானது. அதை ஏற்காத பிரிவினர் பின்னர் தனி இயக்கம் கண்டார்கள். தோல்வியும் பாதி வெற்றியும் கலந்த இந்த அனுபவத்தோடுதான் அவர் சின்னாளபட்டி மாணவர்களுக்கு முன் வந்து நின்றார்.

சௌந்திரம் 1984 அக்டோபரில் காலமானார். ராமச்சந்திரன் தம் இறுதி ஆண்டுகளை நெய்யாற்றின்கரையில், தாயின் பெயரில் அமைத்த மாதவி மந்திரத்தில் கழித்து, 1995 ஜனவரியில் மறைந்தார். ஆராம் 1997இல்.