பிட்காயின் ‘பேமென்ட் சேனல்’: ஏமாற்றினால் மொத்தப் பணமும் போகும்; காவல் யார் பொறுப்பு?

பிட்காயினின் பொதுப் பேரேடான பிளாக்செயினில் ஏறத்தாழ 10 நிமிடங்களுக்கு ஒரு முறையே புதிய பதிவுத் தொகுதி சேர்கிறது. விநாடிக்குச் சுமார் 7 பரிவர்த்தனைகளையே அதனால் கையாள முடியும். தேநீர்க் கடைக்குப் பணம் செலுத்த அது பயன்படாது. இதற்குத் தீர்வாக ஜோசப் பூன், தாடியஸ் டிரைஜா ஆகியோர் 2016-ஆம் ஆண்டு ஆய்வறிக்கையில் முன்வைத்ததே ‘லைட்னிங் நெட்வொர்க்’. அதன் அடிப்படை ‘பேமென்ட் சேனல்’.

இருவரும் கையொப்பமிட்டால் மட்டுமே எடுக்கக்கூடிய வகையில் ஒரு தொகை பிளாக்செயினில் பூட்டப்படும். அதன்பின் எத்தனை முறை பணம் கைமாறினாலும், யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு இருவருக்குள் மட்டுமே புதுப்பிக்கப்படும். சேனலை மூடும்போது இறுதிக் கணக்கு பிளாக்செயினில் ஏறும்.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. காலையில் வாடிக்கையாளரின் பங்கு ரூ.5,000 மதிப்புடையது என்று கொள்வோம். மாலைக்குள் அதில் ரூ.4,000 கடைக்காரருக்குச் சென்றுவிட்டது. ஆனால் காலைக் கணக்கும் முறைப்படி கையொப்பமானதே. வாடிக்கையாளர் அதையே பதிவேற்றினால், அது பழையது என்பதை பிளாக்செயின் அறியாது.

இதைத் தடுப்பது அபராத முறை. ஒவ்வொரு முறை கணக்கு மாறும்போதும், பழைய கணக்கை ரத்து செய்யும் ரகசியக் குறியீட்டை இருவரும் பரிமாறிக்கொள்கின்றனர். பழைய கணக்கைப் பதிவேற்றுபவரின் பங்கு உடனே கைக்கு வராது. 144 தொகுதிகள், அதாவது சுமார் ஒரு நாள், அல்லது அதற்கும் மேலாக முடங்கியிருக்கும். அதற்குள் எதிர்த்தரப்பு அந்த ரகசியக் குறியீட்டைக் கொண்டு சேனலின் முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ளலாம். பங்கு முழுவதும் தீர்ந்தவருக்கு அபராத அச்சம் இராது என்பதால், பொதுவாக 1 சதவீதத் தொகையை இரு தரப்பும் இருப்பாக வைத்திருக்க வேண்டும்.

ஆனால் மோசடியை யாரேனும் கவனிக்க வேண்டும். கடைக்காரரின் கைப்பேசி இரண்டு நாள் அணைந்திருந்தால் அவகாசம் முடிந்துவிடும். இதற்காக வந்தவையே ‘வாட்ச்டவர்’ எனப்படும் காவல் சேவைகள். அபராதப் பரிவர்த்தனை அவற்றிடம் மறையாக்கம் செய்யப்பட்டே ஒப்படைக்கப்படுகிறது. மோசடிப் பதிவு வெளியானால்தான் அதைத் திறக்க முடியும். ஆகவே சேனலின் கணக்கு விவரம் காவலருக்கும் தெரியாது.

இம்முறை நோக்கத்தைப் பார்ப்பதில்லை. கைப்பேசி பழுதாகி, பழைய காப்புப் பிரதியிலிருந்து சேனலை மீட்டு மூட முயலும் நேர்மையானவரும் முழுத் தொகையை இழக்க நேரிடலாம்.

இன்னும் தீராத ஒரு துஷ்பிரயோகமும் உண்டு. ஒரு சேனலில் ஒரு திசையில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 483 பரிமாற்றங்களே நிலுவையில் இருக்கலாம். சிறு தொகைகளை அனுப்பி, அவற்றை முடிக்காமல் நிறுத்திவைத்தால் சேனல் அடைபடும். இதனை ‘ஜாமிங்’ என்கின்றனர். தோல்வியுறும் பரிமாற்றத்துக்குக் கட்டணம் இல்லாததால் தாக்குபவருக்குச் செலவு மிகக் குறைவு. முன்கட்டணம் வசூலிப்பது, நன்மதிப்பு அடிப்படையில் இடம் ஒதுக்குவது ஆகிய யோசனைகள் முன்வைக்கப்பட்டுள்ளன. முதலாவது யோசனை நேர்மையான பயனாளரின் செலவையும் உயர்த்தும்.

இந்தியாவில் கிரிப்டோ சொத்து வருமானத்துக்கு 2022 முதல் 30 சதவீத வரி விதிக்கப்படுகிறது. கிரிப்டோ சேவை நிறுவனங்கள் 2023 மார்ச் மாதம் பணமோசடி தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. எனினும் பிட்காயின் இங்கு சட்டப்பூர்வ பணம் அல்ல. தவறான வங்கிப் பரிமாற்றம் குறித்துப் புகார் அளிக்க வங்கியும் குறைதீர்ப்பாளரும் உள்ளனர். சேனலில் தொகையை இழந்தவருக்கு அந்த ஒரு நாள் அவகாசமே புகார் காலம்.