பல முடிவு வீடியோ கேம்களும் அவற்றின் அடுத்த பாகங்களும்

ஆடுபவரின் தேர்வுக்கேற்பக் கதை வெவ்வேறு விதமாக முடியும் வீடியோ கேமுக்கு அடுத்த பாகம் எழுதும்போது, எந்த முடிவை நடந்ததாகக் கொள்வது என்ற கேள்வி எழுகிறது.

எளிய வழி, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது. 1994இல் வந்த வார்கிராஃப்டை மனிதர் தரப்பிலும் ஆடி வெல்லலாம், ஆர்க் என்ற கற்பனை இனத்தின் தரப்பிலும் வெல்லலாம். மறு ஆண்டே வந்த இரண்டாம் பாகம் ஆர்க்குகள் வென்றதாகத் தொடங்கியது. மனிதர் பக்கம் நின்று ஜெயித்தவரின் உழைப்பு கணக்கில் வரவில்லை.

அதற்கு முன்பே விசர்ட்ரி தொடர் ஆடியவரை மதித்து நடந்தது. ஆறாம் பாகத்தை (1990) முடித்த சேவ் கோப்பை ஏழாம் பாகத்தில் (1992) ஏற்றினால், முடித்த விதத்துக்கேற்பத் தொடக்கமே மாறும். இந்த வழியை மிக விரிவாகக் கையாண்டது மாஸ் எஃபெக்ட். முதல் பாகத்தில் (2007) விர்மயர் கிரகத்தில் ரெக்ஸ் என்ற வீரன் சாகவும் கூடும். பிழைத்தால் இரண்டாம் பாகத்தில் தன் குலத்துக்கு அவனே தலைவன். செத்திருந்தால் அந்த இடத்தில் ரீவ் என்ற வேறொருவன் இருப்பான். ஒரே காட்சிக்கு இரண்டு வசனம், இரண்டு குரல்பதிவு. பாகத்துக்குப் பாகம் இந்தச் சுமை ஏறியது. மூன்றாம் பாகத்தின் (2012) முடிவுகளோ ஒன்றோடொன்று ஒட்டாதவை. அதனால் அதே தொடரில் 2017இல் வந்த ஆண்ட்ரோமெடா வேறொரு விண்மீன் மண்டலத்துக்கே போய்விட்டது. மூன்றாம் பாகத்துப் போருக்கு முன்பே கிளம்பிய கப்பல்களின் கதை என்பதால் எந்த முடிவையும் அது தொட வேண்டியிருக்கவில்லை.

இவை எல்லாவற்றையும் விட அழகான தீர்வு பெதஸ்டா நிறுவனத்துடையது. அதன் டாகர்ஃபால் கேமில் (1996) நூமிடியம் என்ற பித்தளைப் பேருருவை ஆட்டுவிக்கும் பொருளை யாரிடம் ஒப்படைப்பது என்பது நம் கையில். பேரரசருக்குக் கொடுக்கலாம், ஆர்க் அரசன் கோர்ட்வாக்குக்குக் கொடுக்கலாம், மந்திரவாதி மன்னிமார்கோவுக்கும் கொடுக்கலாம். அடுத்த பாகங்கள் எதையும் தள்ளவில்லை. காலமே முறிந்து எல்லா முடிவுகளும் ஒரே நேரத்தில் நடந்தன என்றன. அதே தொடரின் ஆப்ளிவியனில் (2006) கிடைக்கும் ஒரு நூல் இதைச் சாட்சிகளின் வாய்மொழியாகச் சொல்கிறது. டாகர்ஃபாலின் கதை நடக்கும் இலியாக் வளைகுடாவின் குட்டி அரசுகள் எல்லாம் சில நாட்களில் நான்கே அரசுகளாகிவிட்டன, எப்படி என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உண்மையில் நடந்ததே குழப்பம்தான் என்றபோது ஆடியவர் ஒருவர்கூடப் பொய்யாகவில்லை. டியூஸ் எக்ஸின் மூன்று முடிவுகளையும் கலந்த அதன் இரண்டாம் பாகத்தில் (2003) அந்த நயம் இல்லை. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

சேவ் கோப்பு இல்லாமலே ஆடுபவரிடம் நேரடியாகக் கேட்டுவிடும் பழக்கமும் உண்டு. லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ஜ்: டபுள் எக்ஸ்போஷர் (2024) ஓர் உரையாடலினூடே, முதல் கதையின் (2015) முடிவில் காப்பாற்றியது ஊரையா தோழி க்ளோயியையா என்று கேட்கிறது. ஆனால் ஊரைக் காத்தவருக்கு அவள் இறந்தவள். அவளைக் காத்தவருக்கோ பிரிந்து போனவள். எப்படிப் பதில் சொன்னாலும் அவள் கதைக்குள் நேரில் வருவதில்லை. இதனால் ரசிகர்களுக்கு வந்த கோபம் நியாயமானதே.