பெருங்குளம் இல்லத்தில் ஓர் ஓய்வுக்காலம்

ஓய்வு பெற்றவர் என்றதும் நம் மனத்தில் ஒரு சித்திரம் எழுகிறது. சாய்வு நாற்காலி, விருப்பமான பாட்டு, காலடியில் சுருண்டு கிடக்கும் நாய், பேரக்குழந்தைகளைப் படம்பிடிக்க ஒரு புகைப்படக் கருவி. வெகு இயல்பாகத் தோன்றும் இச்சித்திரம் உண்மையில் மிக அண்மைக் காலத்தது. உழுதவருக்கும் நெய்தவருக்கும் உடல் தளரும்வரை வேலை. அதற்குப்பின் பிள்ளைகள் விட்ட வழி. முதுமையைப் பற்றிச் சங்கப் புலவர்கள் பாடாமல் இல்லை. ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் விடையிறுத்த புறநானூற்றுப் பாடலை அன்பர்கள் அறிவர். மனைவி, மக்கள், ஏவலர், வேந்தன், ஊர்ச் சான்றோர் என அவர் தம் பேறுகளை எண்ணிச் செல்கிறார். ஓய்வு அப்பட்டியலில் இல்லை. மாதந்தோறும் பணம் பெற்றுக்கொண்டு, தமக்குப் பிடித்ததை மட்டும் செய்துகொண்டு வாழலாம் என்னும் நிலை, ஆங்கில ஆட்சியில் சர்க்கார் உத்தியோகம் கிடைத்த ஒரு சிறு கூட்டத்தாருக்கே இங்கு முதலில் வாய்த்தது. அக்கூட்டத்தில் ஒருவர் அந்த வாய்ப்பை என்ன செய்தார் என்பதையே இங்குக் காண விழைகிறோம்.

அவர் அ. மாதவையா. 1872இல் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த பெருங்குளத்தில் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பி.ஏ. தேறி, தேர்வெழுதி, உப்பு - ஆப்காரி இலாகாவில் அலுவலரானவர். உப்புக்கும் கள், சாராயத்துக்கும் வரி தண்டும் இலாகா அது. அளங்களின் வெயிலும், அடிக்கடி நேரும் இடமாற்றமும், கணக்குப் புத்தகங்களுமாகக் கழியும் உத்தியோகம். அதற்கிடையில்தான் ‘பத்மாவதி சரித்திரம்’ (1898), ‘முத்துமீனாக்ஷி’ (1903), ஆங்கிலத்தில் ‘தில்லை கோவிந்தன்’ (1903), ‘கிளாரிந்தா’ (1915) முதலியன எழுதப்பட்டன. தமிழின் முதல் நாவல்களைப் பற்றி வகுப்பில் பாடம் சொல்லும் நாம், இவை அனைத்தும் ஓர் உப்பு அதிகாரியின் இரவல் நேரத்தில் பிறந்தவை என்பதை மாணவருக்குச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

அந்த இரவல் நேரத்தில் இசைக்கும் இடமிருந்தது. 1914இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர் ‘பொது தர்ம சங்கீத மஞ்சரி’. பாட்டென்றால் பெரும்பாலும் தெய்வத்தைப் பாடுவதே என்றிருந்த காலத்தில், பொது அறத்தைப் பாட்டாக்கிப் பாட வைக்கலாம் என்று ஒருவர் எண்ணியிருக்கிறார். நாவலாசிரியர் என்ற பெயருக்குப் பின்னால் இந்நூல் மறைந்துபோனது நியாயமன்று. இசையைக் கேட்டு மகிழும் பொருளாக மட்டும் அவர் கருதவில்லை. சீர்திருத்தத்தை அடுக்களைவரை கொண்டுசெல்லும் ஊர்தியாகவும் கருதினார் என்பதற்கு அதுவே சான்று.

1922இல், ஐம்பதாவது வயதில், அவர் தாமாகவே ஓய்வு பெற்றார். இன்னும் சில ஆண்டுகள் இருந்திருக்கலாம். பதவியும் ஊதியமும் உயர்ந்திருக்கும். இருக்கவில்லை. ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக மொத்தத் தொகையைப் பெறும் முறையை இன்றும் அலுவலகங்களில் ‘கம்யூட்டேஷன்’ என்றே வழங்குகிறோம். நம் காலத்தில் அத்தொகை பெரும்பாலும் மகள் திருமணத்துக்கோ, வீட்டுக்கடனை அடைக்கவோ போகும். மாதவையா அதைக்கொண்டு மயிலாப்பூரில் அச்சுக்கூடமும் பதிப்பகமும் தொடங்கினார். எட்டுப் பிள்ளைகளைப் பெற்ற குடும்பத்தலைவர் எடுத்த முடிவு இது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். எழுத்துக்காக வறுமையுற்ற எழுத்தாளர்களை நாம் அறிவோம். வரவிருக்கும் முதுமையின் வருவாயை முன்கூட்டியே பெற்று அதைத் தமிழ் அச்சில் போட்டவர் எத்தனை பேர்?

எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் அவர் குடும்பம் வாழ்ந்த வீட்டுக்குப் ‘பெருங்குளம் ஹவுஸ்’ என்று பெயர். ஊரை விட்டு வந்தவர் ஊரின் பெயரை வாயிலில் எழுதி வைப்பது இன்றும் நம்மிடையே உள்ள வழக்கந்தான். 1924இல் ‘பஞ்சாமிர்தம்’ என்னும் மாத இதழ் தொடங்கிற்று. முன்பு ஆங்கிலத்தில் ‘இந்து’ நாளிதழில் எழுதிய சிறுகதைகள் அவ்வாண்டிலேயே அவர் கையாலேயே ‘குசிகர் குட்டிக் கதைகள்’ எனத் தமிழாயின. கால் நூற்றாண்டுக்கு முன் விட்டுவந்த ‘பத்மாவதி சரித்திர’த்தின் மூன்றாம் பாகத்தையும் மீண்டும் கையிலெடுத்தார். உத்தியோகத்தில் இருந்தபோது செய்ததைவிட மிகுதியான வேலை! ஆயினும் இதனை அவருடைய ஓய்வின்பம் என்றே அழைக்க விரும்புகிறோம். எவர் உத்தரவுக்கும் காத்திராமல், தம் வீட்டில், தம் மக்கள் நடமாடும் இடத்தில், தாம் தேர்ந்த வேலையைச் செய்வது அவருக்கு அதற்குமுன் கிடைத்ததில்லை.

(அவ்வின்பத்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அவர் மனைவி மீனாக்ஷி அம்மாளுக்கு 1922இல் எவ்வித ஓய்வும் கிடைத்திராது. பெண்களின் துயரை அத்தனை கூர்மையாக எழுதியவர் வீட்டிலும் அடுக்களைக்குப் பென்ஷன் கிடையாது. இது அவர் ஒருவர் மீது சாட்டும் குற்றமன்று. ஓய்வு என்ற சொல்லே இல்லத்தின் பாதிப்பேரை விலக்கிவிட்டுப் பிறந்த சொல்.)

அவ்வீட்டின் கடைக்குட்டி 1912இல் பிறந்த கிருஷ்ணன். தந்தை ஓய்வு பெற்றபோது வயது பத்து. அக்கால மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூர் அன்று. வீட்டைச் சுற்றிலும் புதர்க்காடு, பறவைகள் மிகுதி, நரியும், சில வேளைகளில் வெளிமானும் தென்படும். பதினோராம் வயதில் அச்சிறுவன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தான். அஃதாவது, தந்தையின் புதிய வாழ்க்கை தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஒருபுறம் அச்சுக்கோப்பும் மெய்ப்புத் திருத்தமும், மறுபுறம் கீரியும் சிறுவனும். தமிழிலக்கிய வரலாறுகள் முதற்பாதியைக் குறிக்கின்றன, இரண்டாம் பாதியை விட்டுவிடுகின்றன.

அச்சிறுவனே பிற்காலத்தில் இயற்கையியலாளராகவும் கானுயிர்ப் புகைப்படக் கலைஞராகவும் புகழ்பெற்ற மா. கிருஷ்ணன். கருப்பு வெள்ளையில் மட்டுமே படம் எடுத்தவர். கடைகளில் கிடைத்த கருவிகள் போதாமல், பல கருவிகளின் உறுப்புகளைப் பொருத்தித் தாமே ஒன்றை அமைத்துக்கொண்டு, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டவர். நம் நாட்டு நாயினங்களின் பெருமையை வற்புறுத்தி எழுதியவர்களுள் முன்னோடி. இராசபாளையம் நாயைப் பற்றிப் பேச நமக்கு இன்று பலருண்டு. வெளிநாட்டு நாய்களே நாய்கள் என்றிருந்த காலத்தில் அதைச் சொல்லத் துணிவு வேண்டும். பொதுவழக்கை மறுத்துப் பேசும் அக்குணம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால், உப்பு இலாகா உத்தியோகத்தை உதறியவரிடமிருந்து என்று சொல்லத் தோன்றுகிறது. மூத்த மகன் ஒருவர் மா. அனந்தநாராயணன், சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர், 1961இல் ‘தி சில்வர் பில்கிரிமேஜ்’ என்னும் ஆங்கில நாவலை எழுதியவர். தமிழில் அறிவியலை எளிமையாக எழுதிய பெ. நா. அப்புஸ்வாமியும் இக்குடும்பத்தவரே.

இவ்வளவையும் காண மாதவையா இருக்கவில்லை. 1925 அக்டோபர் 22ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென்று பேசி அமர்ந்தவர், அங்கேயே உயிர் நீத்தார். வயது ஐம்பத்து மூன்று. தமிழுக்காக அவையிலேயே உயிர் துறந்தவர் என்ற புகழுரையை மேடைகளில் கேட்கிறோம். அன்று அவர் கேட்ட பாடத்தைக் கற்பித்தே சோறுண்ணும் நமக்கு அப்புகழுரையில் மாறுபாடில்லை. ஆனால் அவ்வுரை ஒன்றை மறைத்துவிடுகிறது. முப்பதாண்டுக் காத்திருப்புக்குப்பின் அவருக்குக் கிடைத்தது மூன்றே ஆண்டுகள். பஞ்சாமிர்தம் நின்றது. பத்மாவதியின் கதை மூன்றாம் பாகத்தில் பாதியில் நிற்கிறது. கிருஷ்ணனுக்குப் பதின்மூன்று வயது.

எட்வர்ட் எலியட்ஸ் சாலை பின்னர் டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை ஆயிற்று. அங்கிருந்த பெருங்குளம் ஹவுஸ் முகவரியிலிருந்துதான் கிருஷ்ணன் நெடுங்காலம் எழுதினார். ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950இல் தொடங்கிய அவருடைய இயற்கைப் பத்தி 1996இல் அவர் மறையும்வரை நிற்கவில்லை. தமிழிலும் எழுதினார், அக்கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற பெயரில் தொகுத்திருக்கிறார். தந்தையின் நாவல்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டிய நூல் அது.