ஓரத்தில் நிற்கும் வண்டியை எடுப்பது

சாலை ஓரத்தில் நிற்கும் காரை எடுத்து, ஓடும் வண்டிகளோடு சேர்க்கச் சில நொடிகள் போதும். அந்தச் சில நொடிகளில் புதிதாக ஓட்டப் பழகுகிறவர் செய்ய வேண்டியவை இன்று தெளிவாக வகுக்கப்பட்டிருக்கின்றன. கண்ணாடிகளைப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் விழாத பகுதியைத் தலையைத் திருப்பித் தோளுக்கு மேலாகப் பார்க்க வேண்டும். தேவையென்றால் இன்டிகேட்டர் போட வேண்டும். மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கிளட்சை விட வேண்டும். இந்த ஒழுங்கு மோட்டார் வண்டியோடு கூடவே பிறந்ததல்ல. கார் வந்த முதல் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு வண்டி எடுப்பது என்றால் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவது என்றே பொருள். பின்னால் வருகிறவரைப் பற்றிய அக்கறை அதற்குப் பிறகுதான், மிக மெதுவாக, சட்டத்திலும் பாடத்திலும் இடம்பிடித்தது. அந்த மாற்றத்தைப் படிப்படியாகக் காண பிரிட்டன் ஏற்ற இடம். இந்திய ஓட்டுநர் சோதனையின் வேரும் அங்கேதான் இருக்கிறது.

சாலையில் ஓடும் இயந்திர வண்டிகள் பற்றிய பிரிட்டனின் முதல் கவலை முன்பக்கத்தைப் பற்றியது. 1865ஆம் ஆண்டுச் சட்டம் நீராவி வண்டிக்கு ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் என்று வேகம் குறித்தது. வண்டிக்கு 60 கெஜம் முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும் என்றும் சொன்னது. எதிரே வரும் குதிரை மிரளக்கூடாது என்பதே நோக்கம். இவ்வளவு மெதுவாகப் போகும் வண்டி ஓரத்திலிருந்து கிளம்பும்போது பின்னால் வருகிறவருக்கு ஆபத்து என்று யாருக்கும் தோன்ற வழியில்லை. 1896இல் இந்தக் கட்டுப்பாடுகள் இலகுரக வண்டிகளுக்கு விலக்கப்பட்டன. 1903ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டம் வண்டிக்குப் பதிவு எண்ணையும் ஓட்டுநருக்கு உரிமத்தையும் கட்டாயமாக்கியது. ஆனால் உரிமம் பெற 5 ஷில்லிங் கட்டினால் போதும். ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. பாரிஸில் 1893லேயே காவல்துறை ஆணைப்படி ஓட்டுநருக்குச் சான்றிதழ் தேவைப்பட்டது. பிரிட்டன் அந்தக் கேள்வியைக் கேட்க இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்தக் காலத்தில் வண்டி எடுப்பதன் பெரும்பகுதி நடந்தது ஓட்டுநர் இருக்கையில் அல்ல, வண்டிக்கு முன்னால் தரையில் நின்றபடி. கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கிறதா என்று பார்த்து, தீப்பொறி நேரத்தைத் தாமதப்படுத்தி வைத்துவிட்டு, முன்பக்கக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். தீப்பொறி முந்திக்கொண்டால் கைப்பிடி எதிர்த்திசையில் உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். கியரில் விட்டு மறந்திருந்தால் வண்டி சுழற்றுகிறவர் மீதே பாயும். 1912 மாடல் காடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்த பிறகு இந்தத் தொல்லை மெல்லக் குறைந்தது. ஆனாலும் பல கார்களில் கைப்பிடி போடும் துளை வெகுகாலம் அப்படியே இருந்தது.

இருக்கைக்கு வந்தபின் அடுத்த போராட்டம் கிளட்ச். பழைய கார்களில் பெரும்பாலும் கூம்பு வடிவக் கிளட்ச், அதன் மேல் தோல் உறை. தோல் காய்ந்துபோனால் சட்டென்று பிடித்து வண்டி தாவும். எண்ணெய் ஏறினால் பிடிக்காமல் வழுக்கும். அப்படி வழுக்கும்போது ஒருவகைக் களிமண் தூளைத் தூவிச் சரிசெய்வார்கள். வண்டியைக் குலுக்காமல் நகர்த்துவது உண்மையிலேயே ஒரு கைத்திறனாக இருந்தது. கால், கை, காது மூன்றும் இயந்திரத்துக்குள் புதைந்திருக்கும் அந்தக் கணத்தில், பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கப் பழகுகிறவரிடம் மனம் மிச்சமிருக்காது. தட்டு வடிவக் கிளட்சும், பல் உரசாமல் கியர் மாற உதவும் சிங்க்ரோமெஷ் அமைப்பும் பரவிய பிறகே ஓட்டுநரின் கண் விடுதலை பெற்றது. 1928இல் காடிலாக் சிங்க்ரோமெஷ் அமைப்பைக் கொண்டுவந்தது. 1930களின் தொடக்கத்தில் அது பிரிட்டிஷ் கார்களை எட்டியது. பாதுகாப்பாக வண்டி எடுப்பதன் வரலாற்றில் சட்டங்களுக்கு நிகராக இந்த உலோகத் துண்டுகளுக்கும் பங்கு உண்டு.

பின்னால் பார்ப்பது முதலில் சிக்கலாகவே இருக்கவில்லை. ஆரம்பக் கார்கள் திறந்தவை, இருக்கை உயரமானது. குதிரை வண்டிக்காரரைப் போலவே கார் ஓட்டுகிறவரும் திரும்பிப் பார்த்தால் சாலை முழுதும் தெரியும். ஆனாலும் சிலர் முன்கூட்டியே யோசித்தார்கள். பிரிட்டனின் பந்தய ஓட்டுநர் டாரத்தி லெவிட், 1909இல் வெளிவந்த தம் நூலில், கார் ஓட்டும் பெண்கள் ஒரு சிறு கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, அவ்வப்போது உயர்த்திப் பிடித்துப் பின்னால் வருவதைப் பார்க்கும்படி யோசனை சொன்னார். 1911 இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் மற்ற கார்களில் பின்னால் பார்த்துச் சொல்ல ஒரு மெக்கானிக் கூடவே உட்கார்ந்திருந்தார். ரே ஹாரூன் அந்த ஆளுக்குப் பதிலாக ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு தனியாக ஓட்டி வென்றார். ஒரு மனிதரின் வேலையைக் கண்ணாடி எடுத்துக்கொண்ட சம்பவம் இது.

கண்ணாடியை அவசியமாக்கியது பந்தயமல்ல, கூரை. 1920களின் இறுதிக்குள் மூடிய கார்கள் திறந்த கார்களை ஓரங்கட்டிவிட்டன. மழையும் குளிரும் உள்ளே வரவில்லை; கூடவே சாலையும் கண்ணிலிருந்து மறைந்தது. பின்பக்கம் ஒரு சின்னச் சன்னல்தான். பக்கத் தூண்களும் கதவுகளும் சேர்ந்து, ஓட்டுநரின் வலத்தோளுக்குப் பின்னால் ஒரு சைக்கிள்காரர் முழுதாக மறைந்துபோகும் அளவுக்குப் பார்வையை அடைத்தன. இன்று மறைவிடம் என்று சொல்லப்படும் அந்த இடம் அப்போது பிறந்ததுதான்.

1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கார்களுக்கு இருந்த மணிக்கு 20 மைல் வரம்பை நீக்கியது. அதன் மறுபக்கமாக, சாலையில் நடந்துகொள்ள வேண்டிய முறைகளைத் தொகுத்து 1931 ஏப்ரல் 14இல் ஹைவே கோட் என்ற சிறு நூல் ஒரு பென்னி விலைக்கு வெளிவந்தது. அதன் முதல் பதிப்பில் கண்ணாடி பற்றி ஒரு சொல்லும் இல்லை. கைச் சைகைகளுக்கு நிறைய இடம் இருந்தது. குதிரை வண்டிக்காரர் சாட்டையைத் தலைக்கு மேல் சுழற்றி, திரும்பும் பக்கம் சாய்த்துக் காட்ட வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஓரத்திலிருந்து வெளியே வருகிறவர் வலக்கையைச் சன்னலுக்கு வெளியே நேராக நீட்டுவது வழக்கம். பின்னால் வருகிறவரைப் பார்ப்பதைவிட அவருக்குத் தன்னைக் காட்டுவதே அந்தக் காலத்துப் பாதுகாப்பு முறை.

1934இல் பிரிட்டன் சாலைகளில் 7,343 பேர் இறந்தார்கள். அந்த எண்ணிக்கையின் அழுத்தத்தில்தான் போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா காலத்தில் ஓட்டுநர் சோதனை வந்தது. 1935 மார்ச் 13இல் விருப்பச் சோதனையாகத் தொடங்கி, ஜூன் 1 முதல் கட்டாயமானது. 1934 ஏப்ரல் 1க்கு முன்பே உரிமம் பெற்றவர்களுக்கு விலக்கு. கட்டணம் 7 ஷில்லிங் 6 பென்ஸ். தனிச் சோதனை மையங்கள் இல்லாததால், தேர்வாளர் பூங்கா வாசலிலோ ரயில் நிலையத்திலோ முன்கூட்டிச் சொன்ன இடத்தில் காத்திருப்பார். அதாவது சோதனையே சாலை ஓரத்தில் தொடங்கி, அங்கிருந்து வண்டி எடுப்பதில் நகர்ந்தது. முதல் ஆண்டில் சுமார் 2,46,000 பேர் விண்ணப்பித்தார்கள். தேறியவர்கள் 63 விழுக்காடு. எல் பலகையும் அதே ஆண்டில் வந்ததுதான்.

நேராகவும் சாய்வாகவும் வண்டியை எடுக்கத் தெரிய வேண்டும் என்பது அந்தச் சோதனை மரபில் நிலைத்துவிட்ட தேவை. சாய்வாக எடுப்பது என்றால், முன்னால் ஒரு வண்டி நிற்க, அதன் பின்னாலிருந்து ஸ்டீயரிங்கை அதிகம் ஒடித்து வெளியே வருவது. நேராக எடுப்பவர் ஓரத்தை ஒட்டியே கொஞ்ச தூரம் போகலாம்; சாய்வாக எடுப்பவரோ முதல் சில அடிகளிலேயே சாலையின் நடுவை நோக்கி வந்துவிடுகிறார். அதனால் கிளட்சை இன்னும் மெதுவாக விட வேண்டும், இன்னும் நீளமான இடைவெளிக்குக் காத்திருக்க வேண்டும். மேட்டில் எடுக்கும்போது ஹேண்ட் பிரேக்கையும் கிளட்சையும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து நகர்த்த வேண்டும். பின்வாங்கினால் பின்னால் நிற்பவர் மீது இடிக்கும்.

போர்க்காலத்தில் நின்ற சோதனை 1946 நவம்பரில் மீண்டும் தொடங்கியது. 1956இல் சூயஸ் நெருக்கடி பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு கொண்டுவந்தபோது சோதனைகள் மறுபடி நிறுத்தப்பட்டு, தேர்வாளர்கள் பெட்ரோல் பங்கீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த மாதங்களில் பழகுகிறவர்கள் துணைக்கு ஆளின்றித் தனியாக ஓட்டவும் அனுமதி கிடைத்தது. பாதுகாப்பு நோக்கில் பார்த்தால் இது வருந்தத்தக்க சலுகைதான். இதற்கிடையே கைச் சைகையின் இடத்தைக் கருவிகள் பிடித்துக்கொண்டிருந்தன. முதலில் வந்தது கதவுத் தூணிலிருந்து நீளும் சிறு கை. பிறகு மினுக்கும் விளக்கு. மாரிஸ் மைனர் காரில் அந்தச் சிறு கை 1961 வரை நீடித்தது. 1975 மே மாதத்தில் கைச் சைகை காட்டிக் காண்பிக்கும் பகுதி பிரிட்டிஷ் சோதனையிலிருந்து எடுக்கப்பட்டது.

கண்ணின் பங்கை முறைப்படுத்தியதில் காவல்துறைக்குப் பெரும் பெயர் உண்டு. லண்டன் பெருநகரக் காவல்துறை 1930களில் ஹெண்டனில் தொடங்கிய ஓட்டுநர் பள்ளியில், ஒவ்வொரு செயலுக்கும் முன் பின்பக்கம் பார்ப்பது ஒழுங்கான பயிற்சியாக வளர்ந்தது. அந்தப் பாடம் 1955இல் ரோட்கிராஃப்ட் என்ற நூலாகப் பொதுமக்களுக்கும் கிடைத்தது. முதலில் கண்ணாடி, பிறகு சைகை, கடைசியில் செயல் என்ற வரிசை பயிற்சிப் பள்ளிகளின் அரிச்சுவடி ஆயிற்று. 1970இல் கட்டணம் வாங்கிக் கற்றுத்தரும் எல்லோரும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, அந்த வரிசை எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் பொதுவானது.

இன்றைய ஹைவே கோட் நூலின் 159ஆம் விதி இந்த நீண்ட கற்றலின் சாறு. எல்லாக் கண்ணாடிகளும், மறைவிடமும், தேவையென்றால் சைகையும், கடைசியாக ஒரு பார்வையும் அதில் அடக்கம். இதில் ‘தேவையென்றால்’ என்ற சொல் கவனிக்கத்தக்கது. யாருமே இல்லாத சாலையில் பழக்கத்தால் இன்டிகேட்டர் போடுகிறவர் பார்க்காமலே போடுகிறார் என்பது தேர்வாளர்களின் கணக்கு. போட்டுவிட்டதாலேயே வழி கிடைத்துவிட்டதாக எண்ணுவது அதைவிட ஆபத்தானது. பாதுகாப்பாக வண்டி எடுக்காதது, பிரிட்டிஷ் சோதனையில் தோல்விக்கான முதல் பத்துக் காரணங்களில் இன்றும் இடம்பெறுகிறது.

இந்தியாவில் 1914ஆம் ஆண்டுச் சட்டமும் 1939ஆம் ஆண்டுச் சட்டமும் பிரிட்டிஷ் ஆட்சியில் எழுதப்பட்டவை. சாலையின் இடப்பக்கம் செல்வதும் வலப்பக்க ஸ்டீயரிங்கும் அங்கிருந்தே வந்தன. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வந்த 1989ஆம் ஆண்டு மத்திய விதிகளில் 15ஆவது விதி ஓட்டுநர் சோதனையை விவரிக்கிறது. நேராகவும் சாய்வாகவும் பாதுகாப்பாக, குலுங்காமல் வண்டி எடுக்க வேண்டும் என்ற பழைய தேவை அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலின் முதல் இனம் எஞ்சினோ கியரோ அல்ல. பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்வது. கையிலிருந்து கண்ணுக்கு நகர்ந்த அரை நூற்றாண்டுப் பயணம் அந்த ஒரு வரிசையில் பதிந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் கண்ணாடிக்கு முன்பே ஒரு முறை வேரூன்றியிருந்தது: பின்னால் பார்க்க இன்னொரு ஆள். லாரியில் கிளீனர் பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பார். பஸ்ஸில் கண்டக்டர் படிக்கட்டைப் பார்த்துவிட்டு இரட்டை விசில் ஊதுவார், அல்லது ‘போலாம் ரைட்’ என்பார். ஒற்றை விசில் என்றால் நிறுத்தம். லண்டன் பஸ்களில் இதே வேலையை மணி செய்தது: இரண்டு அடித்தால் கிளம்பு, ஒன்று அடித்தால் நில். கார் பழகுகிறவருக்கு அந்த ஆள் இல்லை. டிரைவிங் ஸ்கூல்களில் அவர் முதலில் கற்பது ‘ஹாஃப் கிளட்ச்’. அம்பாசடர், பத்மினி போன்ற கார்களில் ஸ்டீயரிங்கை ஒட்டிய கியரோடும் கனமான கிளட்சோடும் போராடிய தலைமுறைக்கு அந்தப் பாடமே வாரக்கணக்கில் ஓடியது. ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போடுவதற்குக் கிடைக்கும் கவனம், தோளுக்குப் பின்னால் பார்ப்பதற்குக் கிடைப்பதில்லை. இரு பக்கமும் பைக்குகள் நுழையும் தெருக்களில் இது பெரிய குறை.

பிரிட்டனில் 2017 டிசம்பரில் சோதனை மாறியபோது, சாலையின் வலப்பக்கத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு கார் நீளம் பின்னால் சென்று, மீண்டும் போக்குவரத்தில் சேரும் பயிற்சி புதிதாக வந்தது. அங்கிருந்து எடுக்கும்போது ஆபத்து வழக்கமான வலத்தோளுக்குப் பின்னாலிருந்து மட்டும் வருவதில்லை; எதிரே வருகிறவர்களையும் பார்த்து, மறைவிடங்களையும் புதிதாகக் கணக்கிட வேண்டியிருக்கிறது. ஆட்டோமேட்டிக் கார்களிலும் மின்சாரக் கார்களிலும் கிளட்சே இல்லை. பழகுகிறவரின் கவனம் முழுதும் சாலைக்குக் கிடைக்கிறது. ஆனால் மின்சாரக் கார் ஓரத்திலிருந்து ஓசையின்றிக் கிளம்பிவிடுவதால், நடப்பவரும் பார்வையற்றவரும் அதை அறிய வழியில்லாமல் போயிற்று. அதற்காகவே ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஜூலை 1 முதல் புதிய வகை மின்சாரக் கார்களும் ஹைபிரிட் கார்களும் மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகம் வரை செயற்கை ஓசை எழுப்ப வேண்டும் என்று விதித்தது.