சென்னை ஓப்பன் மகளிர் ஒற்றையர் (2022)

நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் 2022 செப்டம்பர் 12 முதல் 18 வரை நடந்த டபிள்யூ.டி.ஏ. 250 போட்டியின் ஒற்றையர் பிரிவு. 2008 பெங்களூருக்குப் பின் இந்தியாவில் நடந்த முதல் டபிள்யூ.டி.ஏ. சுற்றுப் போட்டி இது. 

முதல் தரநிலை பெற்ற அமெரிக்காவின் அலிசன் ரிஸ்கே அமிர்தராஜ், விஜய் அமிர்தராஜின் குடும்பத்து மருமகள். அவர் முதல் சுற்றிலேயே ரஷ்யாவின் கசனோவாவிடம் தோற்றார். உள்ளூர் ரசிகர்களுக்குக் கிடைத்த பெரிய விருந்து, கர்மன் கௌர் தண்டி முதல் செட்டை இழந்தும் பிரான்சின் குளோயி பாக்கேயை வீழ்த்திய ஆட்டம். அடுத்த சுற்றில் கனடாவின் யூஜினி புஷார் அவரை வென்றார். அங்கிதா ரைனா முதல் சுற்றைத் தாண்டவில்லை.

இறுதியாட்டத்தில் செக் நாட்டின் 17 வயது லிண்டா ஃப்ருவிர்தோவா, போலந்தின் மக்டா லினெட்டை 4-6, 6-3, 6-4 என வென்றார். அனுபவம் முழுக்க எதிராளியிடம் இருந்தது. முதல் செட்டும் அவரிடமே போனது. ஆயினும் லிண்டா பின்வாங்காமல் அடித்தாடினார். அவருக்கு இதுவே முதல் டபிள்யூ.டி.ஏ. பட்டம்.

2025இல் போட்டி மீண்டும் நடந்தபோது இந்தோனேசியாவின் ஜேனிஸ் ஜென் பட்டம் வென்றார்.