சைக்கிளைக் கழற்றிய கதை

சைக்கிளைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அதே சைக்கிளைக் கழற்றுவதற்கு எவ்வளவு பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது இன்றைக்குச் சாதாரண விஷயம். அது சாதாரணம் ஆனதற்குப் பின்னால் நூறு வருடச் சண்டை இருக்கிறது. சைக்கிளை வாங்கியவனே பிரிக்க முடியுமா, அல்லது ஒவ்வொரு தடவையும் கடைக்காரனிடம் போய் நிற்க வேண்டுமா என்பதுதான் அந்தச் சண்டை.

டயரிலிருந்து ஆரம்பிக்கலாம். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். சுகமான சவாரி, சந்தேகமில்லை. ஆனால் அந்த டயரை ரிம்மோடு சேர்த்து ஒட்டியிருந்தார்கள். பஞ்சர் ஆனால் பிய்த்து எடுக்க வேண்டும், ஒட்டிய பிறகு ராத்திரி முழுக்கக் காய விட வேண்டும். 1889-ல் பிரான்சின் கிளேர்மோன்-ஃபெரான் ஊரில் மிஷ்லென் சகோதரர்களின் ரப்பர் பட்டறைக்கு இப்படி ஒரு சைக்கிள் வந்தது. மூன்று மணி நேரம் வேலை, ஒரு ராத்திரி காத்திருப்பு. மறுநாள் ஓட்டிப் பார்த்தால் சில நூறு மீட்டரிலேயே மறுபடி பஞ்சர்!

எதுவார் மிஷ்லென் வேறு மாதிரி யோசித்தார். பஞ்சரே ஆகாத டயரைத் தேடாமல், கழற்றக்கூடிய டயரைச் செய்தார். 1891-ல் அது வந்தது. அதே வருடம் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் அந்த டயரோடு ஓட்டி முதலாவதாக வந்தார். அடுத்த வருடம் மிஷ்லென் தாங்களே ஒரு பந்தயம் நடத்தி, வழியில் ஆணிகளைத் தூவி வைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. எல்லோருக்கும் பஞ்சர் ஆக வேண்டும், எவ்வளவு சீக்கிரம் சரிசெய்ய முடிகிறது என்று ஊர் பார்க்க வேண்டும். விளம்பரம் என்றால் இதுவல்லவா விளம்பரம்!

டயருக்கு விடிவு வந்துவிட்டது. மற்ற பாகங்களுக்கு? இங்கேதான் டூர் டி பிரான்ஸ் வருகிறது. 1903-ல் அதைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்ச் ஒரு விடாப்பிடிக்காரர். ஓட்டுகிறவன்தான் மெக்கானிக்கும், வெளியாள் உதவி கூடாது என்பது அவர் காலத்து விதி. 1913-ல் எழென் கிறிஸ்தோஃப் ஜெயிக்கக்கூடிய நிலையில் இருந்தபோது துர்மாலே மலையில் இறங்கும் வழியில் அவர் சைக்கிளின் முன் ஃபோர்க் உடைந்தது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். செயின்ட்-மரீ-த-கம்பான் என்ற கிராமத்தில் ஒரு கொல்லன் பட்டறை இருந்தது. கொல்லர் வாயால் வழி சொல்லலாம், கை வைக்கக் கூடாது. பக்கத்தில் அதிகாரிகள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கிறிஸ்தோஃப் தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஃபோர்க்கைச் சரிசெய்தார். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் துருத்தியை ஒரு பையன் ஊதினான். அதற்காக அவருக்கு நேர அபராதம் போட்டார்கள்! ஏற்கெனவே மணிக்கணக்கில் பின்தங்கிவிட்ட மனிதருக்கு இது எந்த வகையில் நியாயம் என்பது தெக்ராஞ்சுக்கே வெளிச்சம். 1919-ல் மஞ்சள் சட்டையை முதன்முதலில் அணிந்தவரும் இதே கிறிஸ்தோஃப்தான். அந்த வருடமும் ஃபோர்க் உடைந்துதான் வெற்றி கை நழுவியது.

அந்தக் காலத்துப் பந்தய சைக்கிள்களில் பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் பல்சக்கரம் இருக்கும். மலை வந்தால் இறங்கி, நட்டைக் கழற்றி, சக்கரத்தைத் திருப்பிப் போட வேண்டும். கியர் மாற்றும் கருவியை டூரில் 1937 வரை அனுமதிக்கவில்லை. ஆகவே சக்கரம் கழற்றும் வேகமும் பந்தயத்தின் ஒரு பகுதி. ஸ்பேனர் தேடாமல் இருக்க, இறக்கை வைத்த நட்டுகளைக் கையாலேயே திருகுவார்கள். 1927 நவம்பரில் இத்தாலியின் குரோச்சே தாவுனே கணவாயில் பனி. துல்லியோ கம்பஞோலோ என்ற பந்தய வீரரின் விரல்கள் விறைத்துப் போய் அந்த நட்டு அசையவே இல்லை என்பது பிரபலமான கதை. விவரங்களைச் சில வரலாற்றாளர்கள் பின்னாளில் சந்தேகித்திருக்கிறார்கள். கதை எப்படியோ, அவர் பெயரால் வந்த குயிக் ரிலீஸ் உண்மை. அச்சின் நடுவே ஒரு கம்பி, ஓரத்தில் ஒரு நெம்புகோல், மடக்கினால் இறுக்கம், விரித்தால் விடுதலை. 1933-ல் விசென்சாவில் அவர் தன் தொழிலைத் தொடங்கினார்.

பிற்காலத்தில் நடந்தது வேடிக்கை. நெம்புகோலைச் சரியாக மூடத் தெரியாதவர்கள் விழுந்து வழக்குப் போடுவார்களோ என்ற பயத்தில், அமெரிக்கச் சந்தைக்கான ஃபோர்க் நுனிகளில் சின்ன மேடுகளை வைத்தார்கள். நெம்புகோலைத் திறந்தாலும் சக்கரம் உடனே வராது. இதற்கு 'வக்கீல் உதடு' என்றே பெயர் வந்துவிட்டது. குயிக்கும் போச்சு, ரிலீஸும் பாதி போச்சு.

இனி கிராங்க். நம்மூர் ரோட்ஸ்டர் சைக்கிளில் கிராங்க்கையும் நடு அச்சையும் இணைப்பது காட்டர் பின். ஒரு பக்கம் சரிவாகச் சீவிய இரும்பு ஆப்பு அது. இறுக்கிப் பிடிப்பது அடித்து ஏற்றிய ஆப்புதான், நட்டு அது நழுவாமல் காவல் காக்கிறது, அவ்வளவே. கழற்ற ஒழுங்கான கருவி, பின்னை அழுத்தித் தள்ளும் பிரஸ். அது எத்தனை வீட்டில் இருக்கும்? வீட்டில் இருப்பது சுத்தியல். நட்டை மரையின் நுனி வரை திருகி வைத்து, கிராங்க்குக்குக் கீழே ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, ஒரே அடி பலமாக அடிக்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அடி முழுதும் பால்ரஸுக்குப் போய்விடும். பயந்து பயந்து பத்து அடி அடித்தால் பின்னின் தலை காளான் மாதிரி விரிந்துவிடும். அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

1930-களில் பிரான்சின் ஸ்ட்ராங்லைட் நிறுவனம் காட்டர் பின் இல்லாத அலுமினிய கிராங்க்கைக் கொண்டுவந்தது. சதுர முனை அச்சில் கிராங்க் ஏறி உட்காரும், போல்ட்டு இறுக்கும். சுத்தியலுக்கு வேலை இல்லை. ஆனால் இழுத்து எடுக்கத் தனிக் கருவி வேண்டும், அது திருகி ஏறுவதற்கு கிராங்க்கில் மரை வேண்டும். அந்த மரை பெரும்பாலோருக்கு 22 மில்லிமீட்டர், டி.ஏ.வுக்கு 23, ஸ்ட்ராங்லைட்டுக்கு 23.35! தப்பான கருவியைத் திணித்தால் மெத்தென்ற அலுமினிய மரை வழித்துக்கொண்டு போய்விடும். பிரிட்டனிலும் இதே கூத்துதான். மற்ற கம்பெனிகளின் நடு அச்சுக் கிண்ணத்தில் அங்குலத்துக்கு 24 மரை என்றால், ராலே தன் சைக்கிள்களில் 26 வைத்திருந்தது. வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகாமல் கட்டிப்போடுவது எப்படி என்று வணிகவியல் வகுப்பில் பாடம் நடத்த இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

எல்லா விநோதமும் வியாபாரத் தந்திரம் அல்ல. இடது பெடலுக்கு மரை தலைகீழாக இருப்பது மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடாமல் இருக்கத்தான். அதனால் எந்தப் பெடலானாலும் ஸ்பேனரை மேல்நோக்கி வைத்துப் பின் சக்கரப் பக்கம் தள்ளினால் கழலும். இது தெரியாமல் இடது பெடலை வழக்கமான பக்கம் திருகி, மேலும் மேலும் இறுக்கியவர்கள் எத்தனையோ பேர்.

ஃப்ரீவீல்தான் கடைசிப் பிடிவாதக்காரன். மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் அதை இன்னும் இறுக்குகிறது. செயின் பக்கத்து ஸ்போக்ஸ் ஒன்று உடைந்தால்கூட ஃப்ரீவீல் கழன்றாக வேண்டும். கம்பெனிக்கொரு கருவி, ரெஜினாவுக்கு ஒன்று, சன்டூருக்கு ஒன்று. கருவி இருந்தாலும் கை பலம் போதாது. வீட்டுக்காரர்கள் கண்ட வழி, கருவியை வைஸில் கவ்வ வைத்து, சக்கரத்தை அதன்மேல் உட்காரவைத்து, பஸ் ஸ்டியரிங் மாதிரி ரிம்மைப் பிடித்துத் திருப்புவது. கருவி இல்லாத நம்மூர்க் கடைகளில் உளியும் சுத்தியலும் இருந்தன.

1978-ல் ஷிமானோ டியூரா-ஏஸ் வரிசையில் ஃப்ரீஹப்பைக் கொண்டுவந்து, பற்சக்கரங்களை மட்டும் தனியே கழற்ற வழி செய்தது. ஆரம்பத்தில் அதன் கடைசிப் பற்சக்கரமே மரையில் ஏறி மற்றவற்றை இறுக்கிப் பிடிக்கும். கழற்றுவதற்குச் செயின் துண்டு பொருத்திய இரண்டு கைப்பிடிகள் போதும். ஒன்று பெரிய பல்லைப் பிடிக்க, மற்றது சின்னதைத் திருக. ஒரு பட்டை இரும்பும், தூக்கிப்போட்ட பழைய செயினும், இரண்டு ரிவெட்டும் இருந்தால் அந்தக் கைப்பிடியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.